என் மாமனார் சயாமுக்குப் போனார்

அன்றைக்கு அமாவாசை. உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மலாக்கா காஜா பேராங்கில் எங்கள் பலகை வீட்டு வாசலில், சாத்திய கதவுக்கு வெளியே, நானும் என் வீட்டுக்காரரும் என் மாமியாரும் வரிசையாகக் குந்தியிருந்தோம். வீட்டில் இருந்ததே நாங்கள் மூன்று பேர்தான். மூவரும் வெளியே. உள்ளே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் என் மாமனார் மாரிமுத்து. என் வீட்டுக்காரர் கால்சட்டை போட்டுத் திரிந்த வயதிலேயே காய்ச்சலில் போய்ச்சேர்ந்துவிட்டவர்.

நம்மவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. படையல் போட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். இறந்தவர்களுக்குக் கூச்சம் அதிகம். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிட மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து இருமி, கதவைத் தட்டி, அவர்கள் எழுந்து போக அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் நாம் உள்ளே போக வேண்டும்.

ஜப்பான்காரன் காலம் அது. இலையில் சோறு இல்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கீரை, விரல் நீளத்துக்கு ஒரு கருவாடு. பக்கத்தில் ஒரு சுருட்டும் அரைக் கிளாஸ் கள்ளும். நாங்கள் டோபிக் கடைக்காரர்கள் என்பதால் நாற்காலியில் ஒரு வேட்டியும் சட்டையும், கஞ்சி போட்டுத் தேய்த்து. அந்தக் கஞ்சியும் மரவள்ளி மாவுதான். தின்பதும் இதையே, உடுப்பதும் இதையே என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

அத்தை கதவிடுக்கில் வாயை வைத்து மெல்லச் சொன்னார்: "யாரும் இல்லைங்க. நிதானமா சாப்பிடுங்க. சட்டை நாற்காலியில இருக்கு."

எங்கள் முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பிப் பார்த்தால் சிங்காரம் நின்றார்.

டிக்கெட் பார்த்த கண்

சிங்காரம் சண்டைக்கு முன்பு டவுனில் ஒரு படக்கொட்டகையில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இருட்டில் டார்ச் லைட் அடித்து, தரை டிக்கெட் வாங்கிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தவனைக் காதைப் பிடித்து இழுத்து வருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றபடி யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர்.

ஜப்பான்காரன் வந்து சந்துக்கு ஒரு தலைவரைப் போட்டபோது எங்கள் சந்துக்கு இவரைப் போட்டான். குமிச்சோ என்று பதவிப் பெயர். கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுத்தார்கள். சிங்காரம் அதை எங்கள் கடையில்தான் வெளுக்கப் போடுவார். கூலி கேட்கும் துணிச்சல் எங்களுக்கு இல்லை, கொடுக்கும் எண்ணம் அவருக்கும் இல்லை.

வேலை ஒன்றுதான். எந்த வீட்டில் எத்தனை தலை என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். பதிவில் இல்லாத தலை ஒன்று இருந்தால் அது பாதுகாப்புக்கு ஆபத்து. யாருடைய பாதுகாப்புக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதும் பாதுகாப்புக்கு ஆபத்துதான்.

மாமன் மச்சான் ஒரு ராத்திரி தங்கினாலும் சொல்லியாக வேண்டும். நாலு பேர் கூடி நிற்க அனுமதி வேண்டும். பகலில் கதவு திறந்திருக்க வேண்டும். தப்பு ஒரு வீட்டில் நடந்தால் தண்டனை சந்து முழுவதற்கும். முதல் உதை குமிச்சோவுக்கு. சட்டத்தின் அழகே இந்தக் கடைசி வரியில்தான் இருந்தது. போலீஸ்காரனே தேவையில்லை, எல்லாரும் எல்லாருக்கும் போலீஸ்காரர்கள்.

கடிகாரத்தைக்கூட அவர்கள் விடவில்லை. தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாக்காவிலும் மணி என்று உத்தரவு. சூரியன் அடங்கிப்போனதோ இல்லையோ, நாங்கள் அடங்கிப்போனோம். காகங்களுக்கு மட்டும் அந்த உத்தரவு போய்ச்சேரவில்லை. படையலுக்கு அவை பழைய நேரத்தில்தான் வந்தன. அத்தையும் காகத்தின் கணக்கையே நம்பினார்.

புக்கிட் காதில் வாசகருக்கு

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு புக்கிட் காதிலிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் திருட்டே கிடையாதாம். கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாமாம். அவருடைய அப்பா சொன்னாராம். இன்றைக்கும் அப்படி ஒரு கண்டிப்பு வந்தால்தான் நாடு உருப்படும் என்கிறார்.

ஐயா, கதவு திறந்திருந்தது உண்மை. திறக்காவிட்டால் உதை விழும். திருட்டு இல்லாததும் உண்மை. எடுக்க வேண்டியதையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்ட பிறகு திருடன் பாவம் என்ன செய்வான்?

கண்டிப்பு வேண்டும் என்று சொல்கிறவர்கள் எல்லாரும், கண்டிக்கும் இடத்தில் தாங்கள் நிற்பதாகவே கனவு காண்கிறார்கள். குனிந்து நிற்கும் வரிசையில் தன்னை நிறுத்திப் பார்த்து ஒருவரும் கடிதம் எழுதுவதில்லை.

ஜப்பான்காரன் போனதும் வெள்ளைக்காரன் திரும்பி வந்து, விசாரிக்காமல் ஆளை உள்ளே வைக்க அவன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டான். அவனும் போன பிறகு... பத்திரிகை ஆசிரியர் இந்த இடத்தில் சிவப்புப் பேனாவோடு நிற்பது எனக்குத் தெரிகிறது. பழையதை எழுதுங்கள் அம்மா, போதும் என்பார். நல்ல மனிதர், பிள்ளைகுட்டிக்காரர். நான் பழையதற்கே போகிறேன்.

பார்த்ததைச் சொல்லியாக வேண்டும்

உள்ளே யார் என்று சிங்காரம் கேட்டார். அப்பா என்றார் என் வீட்டுக்காரர். சிங்காரத்துக்கு மாரிமுத்துவைத் தெரியும். அவர் பாடையைத் தூக்கிய தோள்களில் ஒன்று சிங்காரத்துடையது. அன்றைக்கு அவர் வீட்டிலும் அவருடைய அம்மாவுக்கு இலை போட்டிருந்தார்கள்.

ஆனால் கொஞ்ச நாளைக்கு முன்புதான் அடுத்த சந்தில் பதிவில் இல்லாத ஓர் ஆளைப் பிடித்து, அந்தச் சந்துத் தலைவரை நடக்க முடியாமல் அடித்துப் போட்டிருந்தார்கள். இங்கே பட்டப்பகலில் சாத்திய கதவு. உள்ளே சாப்பாடு, சுருட்டு, ஆண்பிள்ளைச் சட்டை. யாரும் இல்லை, சாப்பிடுங்கள் என்று ஒரு பெண்பிள்ளையின் குரல். இதைத் தன்னைத் தவிர வேறு எவனாவது கேட்டிருந்தால், கேட்டும் சொல்லாத குற்றம் தன் தலையில் விழும் என்று சிங்காரம் நடுங்கினார்.

"தம்பி, உள்ள யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் என் வீட்டுக்காரரிடம். "ஆனா தெரிஞ்சத வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? பார்த்தத நான் சொல்லியாகணும்."

சொல்லிவிட்டார்.

சாயங்காலத்துக்குள் ராணுவப் போலீஸ் வந்துவிட்டது. ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், ஒரு மொழிபெயர்ப்பாளர். மெத்தையைக் கிழித்தார்கள். அத்தாப்பு ஓலைக் கூரையைத் துப்பாக்கிக் கத்தியால் குத்தினார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். வெள்ளாவிப் பானையைத் திறந்து பார்த்தார்கள். அதற்குள் அவர்களுடைய பெரிய அதிகாரியின் உள்சட்டைதான் வெந்துகொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் பக்கத்திலேயே கோயில் பக்கம் குடியிருந்த மலாக்கா செட்டி. பெயர் தமிழ்ப் பெயர், சாமி தமிழ்ச் சாமி, வாயைத் திறந்தால் மலாய். என் வீட்டுக்காரர் மலாயில் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. செட்டிமார் வீட்டிலும் முன்னோருக்குப் படைப்பதுண்டு. பார்ச்சு என்பார்கள். அவர் பாதி ஜப்பானிய மொழியிலும் மீதியைக் கைச்சாடையிலும் அதிகாரிக்கு எடுத்துச் சொன்னார்.

அதிகாரி இலையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றார். தன் வீட்டிலும் அம்மா தினமும் செத்துப்போன அப்பாவுக்குச் சோறு வைப்பாள் என்றாராம்.

ஆக, புகார் சொன்னவர் வீட்டிலும் இலை. மொழிபெயர்த்தவர் வீட்டிலும் இலை. விசாரிக்க வந்தவர் வீட்டிலும் சோறு. அந்த அறையில் விஷயம் புரியாதவர் ஒருவர்கூட இல்லை. சட்டத்துக்கு மட்டும் புரியவில்லை.

ஏனென்றால் புகார் எழுத்தில் ஏறிவிட்டது. பதிவில் இல்லாத ஆண் ஒருவர் இந்த வீட்டில் சாப்பிடுகிறார் என்று இருக்கிறது. அது பொய் என்றால் சிங்காரத்துக்கு உதை. மெய் என்றால் எங்களுக்கு. ஆள் ஓடிவிட்டான் என்றால் சந்துக்கே. அதிகாரி வெகுநேரம் யோசித்து, எல்லாரையும் காப்பாற்றும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்.

பதிவில் இல்லாததுதானே குற்றம்? பதிந்துவிடுங்கள் என்றார்.

வயது முப்பத்தைந்து

அப்படியாக என் மாமனார் குடும்பப் பதிவில் ஏறினார். எழுதியவர் சிங்காரம். வயது என்ன என்று கேட்டார். முப்பத்தைந்து என்றார் அத்தை. அது அவர் கண்ணை மூடிய வயது.

சிங்காரம் தலையைச் சொறிந்தார். மகனுக்கே இருபத்தைந்தாகிறது, அறுபது என்று போட்டுவிடலாமே, பார்க்க ஒழுங்காக இருக்கும் என்றார். என் வீட்டுக்காரரும் ஆமாம் என்றார்.

அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "நரைச்ச தலையோட நான் அவரப் பார்த்ததில்ல. அறுபதுன்னு எழுதினா அது வேற யாரோ. வேற ஆம்பளைக்கு நான் எதுக்கு இலை போடணும்?"

முப்பத்தைந்து என்றே எழுதினார்கள். கட்டுமஸ்தான வயது.

பதிவு ஏறினால் பங்கீட்டு அரிசியும் வரும். மாரிமுத்து பேருக்கும் அளந்து போட்டார்கள். கல்லும் புழுவும் கலந்த அரிசிதான், ஆனாலும் அரிசி. அடுத்த அமாவாசைக்கு இலையில் சோறு விழுந்தது. மிச்ச நாளில் நாங்கள் தின்றோம். செத்த பிறகு குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர் எங்கள் சந்தில் அவர் ஒருவர்தான்.

என் வீட்டுக்காரர் அந்த அதிகாரியின் சட்டைகளைக் காசு வாங்காமல் தேய்த்துக் கொடுத்தார். இப்படி ஒரு தங்கமான ஜப்பான்காரனா என்று சந்தில் பேசிக்கொண்டோம். கொஞ்ச நாளில் தங்கத்தை எங்கேயோ மாற்றிவிட்டார்கள்.

சந்தின் சாமர்த்தியம்

பிறகு சயாம் பேச்சு வந்தது. அங்கே ரயில் பாதை போடுகிறார்களாம், ஆள் போதவில்லையாம். முதலில் தோட்டங்களில் அள்ளினார்கள். அது போதாமல் டவுன் பக்கம் திரும்பினார்கள். ஒவ்வொரு குமிச்சோவும் ஆள் தர வேண்டும் என்று உத்தரவு. எங்கள் சந்தின் பங்கு ஓர் ஆள்.

யாரைக் கொடுப்பது? கோடி வீட்டு மாட்டுவண்டிக்காரருக்குச் சின்னஞ்சிறு பிள்ளைகள். எதிர் வீட்டில் நோயாளி. என் வீட்டுக்காரருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிங்காரம் சாப்பாடு இறங்காமல் அலைந்தார்.

ஒருநாள் முகமெல்லாம் பல்லாக எங்கள் வீட்டுக்கு வந்தார். "மாரிமுத்து அண்ணன் பேரக் கொடுத்துடுறேன்" என்றார். "அவர இனிமே எவன் என்ன செய்ய முடியும்?"

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெயர் கூப்பிடும் நாளில் போன வாரம்தான் காய்ச்சலில் செத்துப்போனார் என்று சொல்லிவிடுவது. உள்ளதுதானே, தேதிதான் கொஞ்சம் முன்னே பின்னே. சந்தில் யாருக்கும் சேதமில்லை. மாட்டுவண்டிக்காரர் மனைவி அத்தைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு சாம்ராஜ்யத்தையே ஏமாற்றிவிட்ட மிதப்பில் இருந்தோம்.

இதில் ஒரு சின்ன விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. சாகப்போகிறவர் அரிசி வாங்கக் கூடாது. பெயர் கூப்பிடும் வாரத்திலேயே அமாவாசை வந்தது. அத்தை வழக்கம்போல வரிசையில் நின்று புருஷன் பங்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

ஒரு தலை குறைந்தது

பள்ளிக்கூடத் திடலில் ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பல சந்துகளிலிருந்தும் வந்தவர்கள். லாரிகள் நின்றன. வழியனுப்ப வந்த பெண்கள் ஒரு பக்கம். நாங்களும் போயிருந்தோம். எங்களுக்கு வழியனுப்ப ஆள் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் போனோம்.

மாரிமுத்து என்று கூப்பிட்டார்கள். சிங்காரம் முன்னால் போய்க் குனிந்து, போன வாரம் இறந்துவிட்டார் என்றார். புதிதாக வந்திருந்த அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்தான். குமாஸ்தா பங்கீட்டுக் கணக்கைப் புரட்டினான். போன வாரம் செத்தவர் இந்த வாரம் அரிசி வாங்கியிருக்கிறாரே என்றான்.

சிங்காரத்தின் கன்னத்தில் விழுந்த அறை திடலின் அந்தக் கோடி வரை கேட்டது. கீழே விழுந்தவரை எழுப்பி நிறுத்தி மறுபடி அறைந்தார்கள். ஆள் உயிரோடு இருந்தால் எங்கே? செத்துவிட்டான் என்றால் ராணுவத்தின் அரிசியைத் திருடியவர் யார்? அரிசித் திருட்டுக்கு என்ன தண்டனை என்று மலாக்காவில் அப்போது குழந்தைக்கும் தெரியும்.

அவர் செத்து இருபது வருஷமாகிறது என்ற உண்மையை இப்போது சொல்ல முடியாது. உண்மைதான் எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றமாகிவிட்டது. சொன்னால் எழுதிய சிங்காரமும் வாங்கிய அத்தையும் அப்படியே போக வேண்டியதுதான்.

யார் அரிசி வாங்கியது என்று மறுபடி கேட்டார்கள். என் பக்கத்தில் நின்ற அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார்.

அதற்குள் என் வீட்டுக்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் நின்றுவிட்டார். மாரிமுத்து என்று மறுபடி கூப்பிட்டார்கள். "ஹாய்" என்றார். ஜப்பானிய மொழியில் ஆமாம் என்பதற்கு அதுதான்.

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தான். முப்பத்தைந்து வயது என்று எழுதியிருக்கிறதே, இவன் இத்தனை சின்னவனாக இருக்கிறானே என்று அவன் கேட்கவில்லை. கை கால் இருந்தது. அது போதும்.

லாரியில் ஏறும்போது என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: "அம்மாவ ஒண்ணும் சொல்லாத." நான் அழுதேன். வெட்கத்தை விட்டு, மண்ணில் உட்கார்ந்து அழுதேன். லாரியில் தம்பின் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் அங்கே ரயில் ஏற்றினார்களாம். மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரயில் பாதையைத்தான் முன்பே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்களே. எங்கள் தண்டவாளம் முதலில் போனது. அதைப் போட எங்கள் ஆட்கள் பின்னால் போனார்கள்.

பதிவில் இருந்த புருஷன்

சட்டப்படி என் மாமனார் சயாமில் இருந்தார். சட்டப்படி என் புருஷன் வீட்டில் இருந்தார்.

ஆகவே சிங்காரம் சோதனைக்கு வரும்போதெல்லாம் என் புருஷனைப் பார்த்தாக வேண்டும். வாசலில் நின்று என்னை எண்ணுவார், அத்தையை எண்ணுவார், பிறகு சுவரைப் பார்த்து ஒரு தலையை எண்ணிக்கொண்டு போய்விடுவார். இல்லாதவரைப் பார்க்க அவரும் கற்றுக்கொண்டுவிட்டார். அறை வாங்கிய காது அவருக்குக் கேட்காமலே போய்விட்டது. எனக்கு அவர்மேல் ஆத்திரம் வரவில்லை என்று சொன்னால் பொய். எதிரில் பார்த்தால் காறித் துப்பத் தோன்றும். ஆனால் அவர் எண்ணாமல் போனால் நாங்கள் தொலைந்தோம் என்பதால் வாங்க அண்ணே, பசியாறிட்டீங்களா என்று கேட்பேன்.

அத்தையை நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து துணி துவைத்தோம். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அழுக்கு ஒன்றுதான்.

பிறகு ஒருநாள் ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்றார்கள். சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். வந்தவர்கள் கொஞ்சம், வராதவர்கள் அதிகம். மாரிமுத்து என்று ஒருவரைப் பார்த்தீர்களா என்று நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். அங்கே அவரை அந்தப் பெயரில்தான் தெரிந்திருக்கும். யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் நானும் அத்தையும் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். சந்து சடக்கில் சேரும் முனையில் ஒரு லாரி சிலரை இறக்கிவிட்டுப் போனது. கோணிச் சாக்கை இடுப்பில் சுற்றிய நாலைந்து உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் சந்து வழியே நடந்தன. முன்னால் போகிறவன் குதிகாலைப் பார்த்தபடி பின்னால் வருகிறவன். இரண்டாவது ஆள் என் வீட்டுக்காரர்.

என் வாயில் சத்தம் வரவில்லை. வந்தாலும் என்னவென்று கூப்பிடுவது? புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. அத்தைதான் கூப்பிட்டார். "சண்முகம்" என்றார். அவர் திரும்பவில்லை. "டேய் சண்முகம்" என்று கத்தினார். பெற்றவள் வைத்த பெயர் அவர் காதில் ஏறவே இல்லை. எங்கள் வீட்டைப் பார்க்காமலே, முன்னால் போகிறவன் காலைப் பார்த்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்.

அத்தை கையிலிருந்த ஈரத் துணியைக் கீழே போட்டார். கல்யாணமான நாளிலிருந்து அன்று வரை, தனியாக இருக்கும்போதுகூடச் சொல்லாத பெயரை, சந்து முழுக்கக் கேட்கும்படி வாய் திறந்து கூப்பிட்டார்.

"மாரிமுத்து."

அவர் சட்டென்று நின்றார். திரும்பி, குதிகால் இரண்டையும் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, தன் தாய்க்கு முன்னால் இடுப்பு வரை குனிந்தார். "ஹாய்" என்றார். யாராவது நிமிரச் சொல்லட்டும் என்று குனிந்தபடியே நின்றார்.